சடையங்குப்பத்தில் ஏழு படி

அத்திப்பட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் இருபது கிலோ விதைநெல். அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிற வேலை இருக்கிறது என்று ரயிலில் ஒருவன் சொன்னதை நம்பி அங்கே இறங்கியிருந்தேன். காலையில் வேலை இருந்தது. மத்தியானம் மேஸ்திரி வேறு ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்கினான், எனக்கு இல்லாமல் போயிற்று. சண்டை போடத் தெம்பில்லை. காதுக்குள், பல்லிடுக்கில், மூட்டையின் தையலில் எல்லாம் சாம்பல். மூட்டையை மட்டும் நின்று நின்று தட்டினேன். அது என்னுடையது அல்ல.

வேதாரண்யம் பக்கம் ஒரு விதைப்பண்ணையில் நான்கு மாதம் களையெடுத்தேன். கிளம்பும்போது பண்ணைக்காரர், “வடசென்னைக்குத்தானே போகிறாய், சடையங்குப்பத்தில் செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள், இதை அவள் கையில் கொடுத்துவிடு” என்றார். உப்பு தாங்கும் நாட்டு நெல்லையும் நிறைய விளைகிற ஆராய்ச்சி நெல்லையும் ஒட்டி எடுத்த விதை. ஒன்றின் பிடிவாதம், இன்னொன்றின் விளைச்சல் என்பார். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார். முளைத்து இருபது நாள் வரைக்கும் இது சாதா நெல்தான். அதற்குள் உப்புத் தண்ணீர் பட்டால் செத்துப்போகும். வீரமெல்லாம் அதற்கு அப்புறம்.

எண்ணூர் பக்கம் ஒரு பேருந்தில் ஏறினேன். “மூட்டைக்கு எடம் இல்ல நைனா, எறங்கு” என்று நடத்துநர் இறக்கிவிட்டார். அடுத்ததில் ஏறி உட்கார்ந்தேன். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் அது ஒரு மணி நேரம் நகரவே இல்லை. எங்கள் சங்கரன்கோவில் பக்கம் இவ்வளவு நேரம் வண்டி நின்றால் ஆட்கள் இறங்கிக் காரணம் கேட்பார்கள். இங்கே ஒருவர் முகத்திலும் சலனம் இல்லை. ஒரு பெண் பூ கட்டி முடித்து, அதைப் பக்கத்து இருக்கைக்காரிக்கு விற்றும் விட்டாள்.

கடைசியில் மீனுக்கு ஐஸ் கொண்டுபோகிற மூன்று சக்கர வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னா நைனா, மூஞ்சி பூரா விபூதி? எந்தக் கோயிலு?”

“அத்திப்பட்டு.”

வண்டி ஆடும்படி சிரித்தார். “அந்தச் சாமி அப்டித்தான். எல்லாருக்கும் பூசும்.”

சடையங்குப்பத்து டீக்கடையில் விசாரித்தேன். “செல்வி வூடா? நேராப் போ. சோத்தாங்கை பக்கம் ஆறாவது வூடு.” எண்ணிக்கொண்டே போய் ஆறாவது கதவைத் தட்டினேன். சட்டையில்லாத ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“செல்வியா? இது எட்டாவது வூடுப்பா. ஆறாவது அதோ.” நான் தாண்டி வந்திருந்த நான்காவது வீட்டைக் காட்டினார்.

“அது நாலாவதுதானே ஐயா?”

“மொத ரெண்டு வூடு கன்டெய்னர் யார்டுக்காரன் சொவுரு கட்டறப்ப பூட்ச்சி. இடிச்சா நெம்பரு பூடுமா? ரேஷன் கார்டுல கீதே!”

ரொம்ப நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

செல்வி அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மூட்டையை வாங்கியதும் அவிழ்த்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். “போயி மொதல்ல குளிடா. சாம்பலு சோத்துல வுயும்.” அன்று மடவை மீன் குழம்பு. கழிமுகத்தில் பிடித்தது. லேசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கத்தான் செய்தது. நான் முகம் சுளித்ததை அவருடைய கணவர் ஏழுமலை கவனித்துவிட்டார். “நாலு நாளு துன்னா வாசன தெரியாது” என்றார். நான்காவது நாள் எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் நிலத்தைப் பார்த்தேன். ஒரு ஏக்கருக்கும் குறைவு. ஒரு பக்கம் கன்டெய்னர் யார்டின் சுவர், அதற்கு மேலே அடுக்கடுக்காகத் துருப்பிடித்த பெட்டிகள். மறுபக்கம் புழல் ஏரியின் உபரித் தண்ணீர் கடலுக்குப் போகிற கால்வாய். மழைக்காலத்தில் மேலேயிருந்து வெள்ளம் வரும். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஓதம் ஏறி உப்புத் தண்ணீர் கீழேயிருந்து வரும். எங்கள் ஊரில் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்ப்போம். இங்கே எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்க்கிறார்கள்.

ஏழுமலை அந்த யார்டில்தான் வேலை பார்த்தார், பெட்டிகளுக்குப் பூட்டும் முத்திரையும் சரிபார்க்கிற வேலை. “யார்டுக்காரன் நெலத்தக் கேட்டுக்கினே கீறான். குத்துட்டு ஒரு மூலைல குந்தலாம்” என்றார் சாப்பிடும்போது. செல்வி அக்கா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “ரெண்டு போகம் பூட்ச்சி. இந்தத் தபா பயிரு நின்னா நானும் நிப்பேன். நிக்காங்காட்டி நீ சொல்றாப்ல. இத்தோட அந்தப் பேச்ச உடு.” அவர்களுக்குள் அது ஏற்கெனவே பேசி முடிவான விஷயம் என்று தெரிந்தது.

இரண்டு நாள் தங்கிப் போவதாகத்தான் இருந்தேன். விதை ஊறவைத்து, முளைகட்டி, நாற்றங்கால் மேட்டில் தெளிக்க ஆள் வேண்டியிருந்தது. சோறு போட்டார்கள். இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிரபு வந்தான். வியாசர்பாடிக்காரன், டிப்ளமோ முடித்துவிட்டுச் செல்போன் ரிப்பேர் பார்த்தவன். இப்போது இப்படிப்பட்ட இடங்களில் கருவி வைக்கிற நாலு பேரில் ஒருவன். நிலத்திலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் வடிகிற வாயில் ஒரு பழைய மரப்பலகைக் கதவு இருந்தது. முன்பு நாலு பேர் கயிறு போட்டு இழுப்பார்களாம். அதற்குத் துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஒரு மோட்டாரை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு மிதவை கால்வாய்க்குள் இறங்கியிருந்தது.

“மிதவ ஏறனா தண்ணி ஏறுதுன்னு பொட்டிக்குத் தெரியும். கதவ மூடும். எறங்கனா தொறக்கும்” என்றான் பிரபு. “ஆனா இந்தக் கால்வாய்ல மிதவைய நம்ப முடியாது மாமு. கவரு சிக்கும், ஆயிலு படியும், நண்டு ஒயர கடிக்கும். அதான் பாதி மிஷின், பாதி மனுசன்னு வச்சிக்கீறோம். செல்வியக்கா காத்தால ஒரு தபா, மதியம் ஒரு தபா, தண்ணி எத்தினியாவது படில கீதுன்னு இந்த போன்ல அமுத்துவாங்கோ. ரெண்டும் ஒத்துப்போனா பிரச்சனை இல்ல. ஒத்துப்போவலன்னா ஆளு சொல்றத கேளுன்னு நான் எழுதி வச்சிக்கீறேன்.”

கதவுக்குப் பக்கத்தில் கால்வாய்க்குள் இறங்குகிற கருங்கல் படித்துறை இருந்தது. அதுதான் அளவுகோல். கீழேயிருந்து எண்ண வேண்டும். ஐந்தாம் படியைத் தண்ணீர் தொட்டால் கதவு மூட வேண்டும்.

விதை பாதிக்குப் பாதி, கதவு பாதிக்குப் பாதி, பெட்டியும் பாதிக்குப் பாதி. நான் எட்டாவதில் பாதியில் நின்றவன். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. மஸ்கட்டில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கேயும் உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைக் கலந்து விடுகிற ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. எங்களைத்தான் சந்தேகப்பட்டார்கள். இங்கே மனிதன் சொல்வதைப் பெட்டி கேட்கும் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு மறுநாளே பெட்டி பொய் சொல்லிக் காட்டியது. கால்வாய் வற்றிக் கிடக்கிறது, பெட்டி ஆறு என்கிறது. பிரபுவும் நானும் இடுப்பளவு கறுப்புச் சேற்றில் இறங்கிப் பார்த்தோம். மிதவையோடு ஒரு பால் கவரும் ஒற்றைச் செருப்பும் சுற்றிக்கொண்டிருந்தன. “கலீஜு, கலீஜு” என்று கழுவிக்கொண்டே இருந்தான் பிரபு. செல்வி அக்கா கரையில் நின்று சிரித்தார். “உன் மிஷினுக்குக் கண்ணு இல்லடா. என்னப் பாத்து எழுதச் சொல்லு.”

நாற்றங்கால் முளைத்துவிட்டது. முதலில் மேட்டின் மேல் ஒரு பச்சைப் புகை மாதிரி. பிறகு விரல் உயரம். யார்டில் கிரேன் பெட்டியை இறக்கும்போதெல்லாம் தரை அதிரும், அதன்மேல் அந்தப் பச்சை நடுங்கும். செல்வி அக்கா விடிந்ததும் போய் அதன் ஓரத்தில் குந்திக்கொள்வார். ஒன்றும் செய்ய மாட்டார். பார்த்துக்கொண்டிருப்பார்.

விதை முளைத்த ஒன்பதாம் நாள் ராயபுரத்திலிருந்து போன் வந்தது. அங்கே கட்டிக்கொடுத்த மகளுக்கு நாள் நெருங்குவதற்கு முன்பே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அக்கா இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டே, நம்பர் அமுத்துகிற போனை என்னிடம் கொடுத்துச் சொன்னார். “காத்தால ஒண்ணு, மதியம் ஒண்ணு. படியப் பாரு, நெம்பர அமுத்து. அவ்ளோதான். படிக்கத் தெரியும்ல?”

“எண்ணவும் தெரியும் அக்கா.”

அன்று மத்தியானம் ஓதம் இறங்கியிருந்தது. படித்துறையில் உட்கார்ந்து நிதானமாக எண்ணினேன். ஐந்து படி. அதற்குக் கீழே சேறு. தண்ணீர் கடைசிப் படிக்கும் கீழே கிடந்தது. பூஜ்யம் என்று அனுப்பினேன்.

சாயங்காலம் பிரபு கூப்பிட்டான். “மிஷினு ரெண்டு காட்டுது மாமு, நீ சைபருன்ற. மறுபடி கவரு சிக்கிக்கினு கீது போல. சனிக்கெழம வந்து களுவறேன். அதுவரைக்கும் நீ சொல்றத அது கேட்டுக்கும்.” அடுத்த நாள் நான் ஒன்று என்றேன். பெட்டி மூன்று என்றதாம். “பாத்தியா, அதே ரெண்டு” என்றான். இரண்டு பேரும் பெட்டியைத் திட்டினோம்.

பதினோராம் நாள் அமாவாசை. காலை எட்டு மணிக்குப் போனபோது தண்ணீர் ஏறியிருந்தது. மேலே இரண்டு படி காய்ந்திருந்தன, மூன்றாவது படியில் தண்ணீர் தளும்பியது. கீழேயிருந்து எண்ணினாலும் அது மூன்றுதான். ஐந்துக்கு இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்று என்று அமுத்திவிட்டு, ஏழுமலை வடித்து வைத்த சோற்றையும் கீரைக் கடைசலையும் அடுக்கு டிபனில் எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்குக் கிளம்பினேன்.

ஷேர் ஆட்டோ திருவொற்றியூரில் பழுதாகி நின்றது. ஓட்டுநர் எங்கள் ஐந்து பேரையும் தள்ளச் சொன்னார். தள்ளினோம். கிளப்பிய வேகத்தில் ஒரு பாட்டி ஏறுவதற்குள் போய்விட்டார். பாட்டி நடுரோட்டில் நின்று அவருடைய பரம்பரையையே கூப்பிட்டதும் திரும்பி வந்தார். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் இறங்கும்போது பதினொன்று தாண்டியிருந்தது.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டது என்று நர்ஸ் காலையில்தான் சொன்னாராம். செல்வி அக்கா இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கீரைச் சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

“இன்னிக்கு அமாவாச ஆச்சே. தண்ணி எத்தினியாவது படி?”

“மூணு.”

“மூணா? மெய்யாலுமா?”

“எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தேன் அக்கா.”

அவர் தோள் இறங்கியது. “மூணுன்னா பயம் இல்ல. இந்த மாசம் ஓதம் கம்மி போலகீது.” அதற்குப் பிறகு முழுச் சோற்றையும் சாப்பிட்டார். குழந்தையைத் தூரத்திலிருந்து எனக்குக் காட்டினார். நாற்று எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் சுண்டுவிரலைக் காட்டினேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு மீன்காரப் பெண், “இன்னாக்கா, பேத்தி உசரமா?” என்று கேட்க, வராந்தாவே சிரித்தது.

திரும்பும்போது மழை தூறியது. கன்டெய்னர் வரிசையில் மறுபடியும் சிக்கிக்கொண்டேன். சடையங்குப்பம் வந்து சேர மூன்று மணி. தெருமுனையிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நிலம் மினுமினுத்தது.

கதவு திறந்திருந்தது. அதன் வழியாகக் கால்வாய் உள்ளே வந்திருந்தது. நாற்றங்கால் மேட்டின் மேல் முழங்காலளவு தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம், நுரை, தெர்மாகோல். பச்சை எங்கும் இல்லை. குனிந்து கையை விட்டுத் தடவினேன். நாற்று இருந்தது, கீழே படுத்திருந்தது. கையை நக்கிப் பார்த்தேன். கடல்.

பிரபுவுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தான். மோட்டார் அசையவில்லை. இரண்டு பேரும் கயிற்றைக் கட்டி இழுத்துக் கதவை மூடினோம். மூடி என்ன பயன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மூடினால் உப்பு உள்ளேயே நிற்கும், திறந்தால் இன்னும் வரும்.

“மிஷினு காத்தாலயே அஞ்சுன்னுச்சி மாமு” என்றான். மூச்சு வாங்கியது. “நீ மூணுன்ன. அதே ரெண்டு வித்தியாசம். நானும் போன்ல பாத்தேன். கவருதான்னு நென்ச்சி உட்டுட்டேன்.” மிதவையைத் தூக்கிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. ஒரு கவர் இல்லை, ஒரு நூல் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான்.

ஐந்து மணி வாக்கில் செல்வி அக்கா வந்தார். ஏழுமலை சொல்லியிருப்பார். தெருவில் யாரிடமும் பேசாமல் நேராக வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். நாற்றங்கால் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார், மிதித்துவிடக் கூடாது என்பதுபோல. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு கரைக்கு வந்தார்.

“எத்தினியாவது படின்னு அனுப்ன?”

“மூணு.”

“எப்டி எண்ணுன?”

காட்டினேன். ஓதம் இறங்கத் தொடங்கியிருந்தது. மேல்படியைக் காட்டி ஐந்து என்றேன். அதற்கடுத்தது நான்கு. அதற்கடுத்தது மூன்று.

“மேல்படி ஏழு நைனா.”

“அஞ்சு படிதானே அக்கா இருக்கு?”

“ரெண்டு உள்ள கீது. சேறு மூடிக்கிச்சி. ஏழு எட்டு வருசம் ஆவுது.”

“அதை யாரும் எனக்குச் சொல்லலையே.”

“அத்தப் போயி யாராச்சும் சொல்லுவாங்களா? படி ஏழு. எல்லாருக்கும் தெரியும்.” கத்தவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார், படி ஏழு என்பது எப்படி ஒருவனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று.

பிரபு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “பொட்டிக்கு நான்தான் அக்கா ஏழுன்னு போட்டேன், உங்களக் கேட்டு. பொட்டிக்குத் தெரியும். அதுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. ஆளு சொல்றத கேளுன்னு…” முடிக்கவில்லை.

நான் வந்த முதல் நாளே அந்தத் தெரு எனக்குச் சொல்லிவிட்டது. இடித்த இரண்டு வீட்டையும் சேர்த்து எண்ணுகிற ஊர் இது. நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுபடியும் என் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணினேன். என்னைப் போல ஊர் ஊராகப் போகிறவனுக்கு இருப்பதுதான் கணக்கு.

ஏழுமலை யார்டு உடுப்போடு வந்தார். ஜெயித்த ஆள் மாதிரி இல்லை. சுவரோரம் நின்று தண்ணீரை வெகு நேரம் பார்த்தார். “மறுபடி வெத தெளிக்கலாமா?” என்று அவரேதான் கேட்டார். மண்ணில் ஏறிய உப்பு ஒரு மழைக்காலம் முழுக்கக் கழுவினால்தான் போகும் என்று செல்வி அக்கா சொன்னார். ஏழுமலை செல்போனை எடுத்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். அவர் யார்டுக்காரனைக் கூப்பிடப் போனோடு தெருப்பக்கம் நடந்தார்.

அக்கா தன் பையிலிருந்து அடுக்கு டிபனை எடுத்து என்னிடம் நீட்டினார். “இத்த அங்கயே மறந்துட்டு வந்துட்ட.” கழுவித் துடைத்திருந்தது.

விடிந்ததும் கிளம்பினேன். சொல்லிக்கொள்ள முகம் இல்லை. டிபனை வாசல்படியில் வைத்தேன். யார்டின் வாயிலில் மண் லாரிகள் ஏற்கெனவே வரிசைகட்டி நின்றன. பள்ளத்தை நிரப்புகிற ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் நோட்டோடு நின்றிருந்தான். கையில் ஒன்றுமில்லை, சோற்றுக்கு வழியில்லை. வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

“லாரி ரிவர்ஸ்ல வரசொல்லோ கை காட்டணும். தெரியுமா?”

“தெரியும்.”

ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்தான். “வா. புதுசா ஒரு துண்டு நெலம் வருது, அத்தயும் சேத்து நெரப்பணும். எவ்ளோ மண்ணு புடிக்கும்னு பாக்கணும்.” நடந்தான். பின்னாலேயே போனேன். எங்கே போகிறோம் என்று நாலு அடியிலேயே தெரிந்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்று தோன்றியது. போகவில்லை.

ஓதம் முழுக்க இறங்கியிருந்தது. யாரோ கதவைத் திறந்துவிட்டிருந்ததால் செல்வி அக்காவின் நிலத்தில் தண்ணீர் வடிந்து, நாற்றெல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. படித்துறை காய்ந்திருந்தது. அந்த ஆள் கரையிலேயே நின்றுகொண்டான், செருப்பில் சேறு படக் கூடாது என்று.

“கீழேருந்து மேல மட்டம் வரைக்கும் எத்தினி படி? எண்ணிச் சொல்லு.”

“ஏழு.”

எழுதப்போனவன் நிமிர்ந்து பார்த்தான். “அஞ்சுதான தெரியுது?”

“ஏழுதான்” என்றேன். “ரெண்டு உள்ள கீது.”

அவன் ஏழு என்று எழுதிக்கொண்டான். முதல் லாரி பின்பக்கமாக வரத் தொடங்கியது. நான் துணியை உதறிப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.